பாபியின் கேமராவும் அப்பாவின் பழைய பேப்பரும்

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கொசு.

புனே பக்கத்தில் தேஹு ரோட்டில் இருக்கிற சின்ன மாதா கோயிலில் ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தமிழ்ப் பூசை. அங்கே கீபோர்டு வாசிப்பவர் அந்தோணியம்மாள் டீச்சர். இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் வாசிக்கிறார். ஆனால் கீபோர்டு இருப்பது ஒரு பெரிய தூணுக்குப் பின்னால். கோயிலில் வேறு இடமே இல்லை. பாட்டைத் தொடங்க வேண்டிய நேரத்தில் ஃபாதர் லேசாகக் கையை உயர்த்துவார். டீச்சர் தூணைத் தாண்டிக் கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு வாசிப்பார்.

இந்த மழைக்காலத்தில் டீச்சரின் ஸ்கூட்டர் சறுக்கிவிட்டது. கழுத்தில் அடி. மூன்று மாதத்துக்குக் கழுத்துப் பட்டை போட வேண்டும், கழுத்தைத் திருப்பவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கவலைப்படாதீங்க டீச்சர், ஃபாதர் கையைத் தூக்குனா நானும் தூக்கிக் காட்டுறேன்" என்றான் பாட்டுக் குழுவில் இருக்கும் டேனியல்.

முதலில் நன்றாகத்தான் போனது. இறந்தவர்களுக்காக எல்லோரும் மௌனமாக ஜெபிக்கிற நேரத்தில், டேனியலின் காதருகே ஒரு கொசு வந்தது. அவன் கையைத் தூக்கிப் பட்டென்று அடித்தான். டீச்சர் கண்ணில் பட்டது தூக்கிய கை மட்டும்தான். உடனே, எல்லோரும் கைதட்டிப் பாடுகிற காணிக்கைப் பாட்டு முழங்கியது.

சிலர் திடுக்கிட்டார்கள். சிலர் சிரித்தார்கள். கொசு தப்பித்துவிட்டது. டீச்சர்தான் மாட்டிக்கொண்டார்.

பூசை முடிந்ததும் ஃபாதர் மெர்வின் அன்பாகத்தான் பேசினார். "உங்களுக்கு ஓய்வு வேணும் டீச்சர். கழுத்து சரியாகுற வரைக்கும் செல்போன்ல பாட்டைப் போட்டு ஸ்பீக்கர்ல விட்டுடலாமே."

"சரி ஃபாதர்" என்றார் டீச்சர்.

அவர் கீபோர்டைத் துணியால் மூடும்போது ஃபேபியோலா பக்கத்தில் நின்றாள். ஏழாம் வகுப்பு. வீட்டிலும் கோயிலிலும் எல்லோருக்கும் அவள் பாபி. டீச்சரின் மூக்கு சிவந்திருப்பதை அவள் பார்த்தாள்.

"மூணு மாசம்தானே டீச்சர்?"

"மூணு மாசம் ரெக்கார்டு கேட்டுப் பழகிட்டா, அப்புறம் என்னை யாரு தேடுவா பாபி?"

வீட்டுக்குப் போகும் வழியில் பாபி, வடாபாவ் கடை வாசனை வந்தபோதுகூட அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

வீட்டில் அண்ணன் டெக்ஸ்டரின் பழைய லேப்டாப் இருந்தது. அவன் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறான். போன வருஷம் கல்லூரிக்காக ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். யுஎஸ்பி கேமராவை லேப்டாப்பில் மாட்டினால், அது பார்ப்பதெல்லாம் அப்படியே திரையில் ஓடும். பாபியும் பள்ளிக் கம்ப்யூட்டர் கிளப்பில் கொஞ்சம் ஜாவா படிக்கிறாள்.

டீச்சரால் தூணைத் தாண்டிப் பார்க்க முடியாது. கேமராவால் முடியுமே!

சனிக்கிழமை அப்பாவும் பாபியும் கோயிலுக்குப் போனார்கள். கேமராவை ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். லேப்டாப்பைக் கீபோர்டு மேல் வைத்தார்கள். பாபி புரோகிராமை ஓட்டினாள். திரையில் ஒரு பெரிய மோவாய் தெரிந்தது.

"ஏட்டி, பீடம் எங்க? உன் மூஞ்சில்லா தெரியுது!" என்றார் அப்பா.

பாபி அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"கம்ப்யூட்டர் பூஜ்யத்துலேர்ந்துதான் எண்ணும் பாபி. பூஜ்யம் லேப்டாப்போட சொந்தக் கேமரா. நீ மாட்டுனது ஒண்ணு. அந்த எண்ணை மட்டும் மாத்து. வேற எதுன்னாலும் பரீட்சை முடிஞ்சப்புறம் கேளு, சரியா?"

பூஜ்யத்தை ஒன்றாக மாற்றினாள். பீடம் வந்தது, பூ ஜாடி வந்தது. அப்பா பீடத்தருகே நின்று கையை ஆட்டினார். திரையிலும் அப்பா கையை ஆட்டினார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்தியோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த ஒரு நிமிடத்தை நம்பியதுதான் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டு கச்சிதம். இரண்டாவது பாட்டுக்கு ஃபாதர் கையை உயர்த்தினார். சத்தமே இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்த பிறகுதான் டீச்சர் வாசித்தார். மூன்றாவது பாட்டுக்கு இன்னும் தாமதம். மக்கள் உட்கார்ந்துவிட்டார்கள். திரையில் நின்றுகொண்டே இருந்தார்கள்.

பூசை முடிந்தது. ஃபாதர் நடந்து வந்து டீச்சரின் பக்கத்தில் நின்றார். திரையிலோ அவர் இன்னும் பீடத்தில் ஆசீர்வாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஃபாதரைவிட நான் கொஞ்சம் வேகம்போல" என்று ஃபாதர் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வாரம் திருவிழா, பாபி. அன்னைக்கும் இப்படி ஆனா டீச்சருக்குத்தானே சங்கடம்?"

"ஒரே ஒரு தடவை ஃபாதர்! ரெக்கார்டைத் தயாரா வச்சுக்கோங்க. ஒரு பாட்டு தாமதமானாலும் போட்டுடுங்க."

ஃபாதர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கழுத்தை ஆட்ட முடியாமல் கண்ணாலேயே கேட்டார்.

"சரி, ஒரே ஒரு தடவை" என்றார் ஃபாதர்.

அன்று மதியம் பாபி சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கேமராவுக்கு எதிரே வைத்தாள். தொடக்கத்தில் இரண்டு கடிகாரங்களிலும் நொடி முள் சேர்ந்தே ஓடியது. ஐந்து நிமிடத்தில் திரைக் கடிகாரம் நான்கு நொடி பின்தங்கியது. பத்து நிமிடத்தில் எட்டு நொடி. நேரம் போகப் போகத் தாமதம் கூடிக்கொண்டே போனது. ஏன் என்றுதான் தெரியவில்லை. அண்ணனையும் கேட்க முடியாது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"ஏட்டி பாபி, நாளைக்குத் தூத்துக்குடியில கனமழையாம். பெரியப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லணும்."

"அப்பா! மழை பெஞ்சு ஓஞ்சாச்சுன்னு பெரியப்பாவே வெள்ளிக்கிழமை சொன்னாங்களே!"

"அப்படியா? நான் இன்னும் செவ்வாய்க்கிழமையிலதான நிக்கேன்."

அப்பாவுக்குத் தமிழ்ப் பேப்பர் வேண்டும். அது வீட்டுக்கு வராது. அவரோடு டெப்போவில் வேலை பார்க்கும் சேஷு மாமா புனே ஸ்டேஷனுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கட்டு வாங்கி வருவார். அப்பா ஒரு வரி விடாமல் படிப்பார். அதற்குள் அடுத்த கட்டு வந்துவிடும்.

"பேசாம இன்னைக்குப் பேப்பரைப் படிங்களேன்ப்பா."

"வரிசையாப் படிக்க வேண்டாமா? நடுவுல எதையும் விட மாட்டேன்."

பாபி பேப்பர் கட்டைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். துள்ளி எழுந்தாள்.

"அப்பா, நீங்களும் இந்த புரோகிராமும் ஒண்ணுப்பா!"

"திட்டுதியா, புகழுதியா?" என்று கேட்டார் அப்பா.

பாபி புரோகிராமைத் திறந்து படித்தாள். அவள் நினைத்தது சரிதான். கேமரா கொடுக்கும் ஒவ்வொரு படமும் ஒரு வரிசையில் போய் நின்றது. பழைய லேப்டாப் மெதுவாக முதலில் நிற்பதை எடுத்துக் காட்டியது. அதற்குள் பின்னால் புதுப் படங்கள் சேர்ந்துவிட்டன. எதையும் விடாமல் காட்டியதால் அது செவ்வாய்க்கிழமையிலேயே நின்றது. டீச்சருக்குப் பழைய படம் எதற்கு? ஃபாதர் இப்போது என்ன செய்கிறார் என்று தெரிந்தால் போதும்.

புதுப் படம் வந்ததும், காத்திருக்கும் பழைய படங்களை எல்லாம் தூக்கிப் போடு. அதற்கு ஒரே ஒரு வரிதான். பாபி எழுதினாள். உடனே சிவப்புக் கோடு வந்தது. கடைசியில் அரைப்புள்ளியை விட்டிருந்தாள். போட்டாள். ஓட்டினாள்.

பத்து நிமிடம். இருபது நிமிடம். ஒரு மணி நேரம். இரண்டு நொடி முள்ளும் சேர்ந்தே ஓடின. இந்த முறை பாபி ஒரு நிமிடத்தை நம்பவில்லை. இரவுச் சாப்பாடு வரை உட்கார்ந்து பார்த்தாள்.

திருவிழா அன்று கோயில் நிரம்பி வழிந்தது. ரெக்கார்டு பாட்டு இருக்கிற போனைக் கையில் பிடித்தபடி டேனியல் தயாராக நின்றான். முதல் பாட்டு சரி. இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி.

மௌன ஜெபம் வந்தது. ஃபாதரின் கை மெல்ல மேலே போனது. டேனியல் மூச்சைப் பிடித்துக்கொண்டான். பாபி திரையைப் பார்த்தாள். ஐயோ, ஃபாதர் கன்னத்தில் கொசு!

டீச்சரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் அசையவில்லை. உதடு மட்டும் சிரித்தது.

ஃபாதர் கொசுவை அடித்தார். ஜெபம் முடிந்தது. பிறகு நிஜமாகவே கையை உயர்த்தினார். அந்தக் கை கீழே இறங்குவதற்குள் காணிக்கைப் பாட்டு தொடங்கிவிட்டது. கோயிலே கைதட்டிப் பாடியது.

பூசை முடிந்ததும் டேனியல் போனை ஃபாதரிடம் நீட்டினான். "இது வேண்டாம்பா. நமக்கு டீச்சர் இருக்காங்க" என்றார் ஃபாதர். டீச்சர் காதில் அது நன்றாகவே விழுந்தது. அவர் பாபியைத் தன் பக்கம் இழுத்து உச்சியில் முத்தம் கொடுத்தார். குனிய முடியாததால் பாபிதான் எக்கி நிற்க வேண்டியிருந்தது.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

பாபி அவர் காதில் கிசுகிசுத்தாள். டீச்சர் பட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வாசலில் நின்ற அப்பாவைக் கூப்பிட்டார்.

"நார்மன் அண்ணே, நான் இன்னைக்கு வாசிச்சது உங்களாலதான்!"

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. வழியில் பாபிக்கு இரண்டு வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தார், நாற்காலியில் சாய்ந்தார், போன புதன்கிழமைப் பேப்பரை விரித்தார்.