மூலக்கை

கம்பி முதல் தடவையிலேயே பித்தநாளத்துக்குள் நுழைந்துவிட்டது. சுற்றி நின்ற பயிற்சி மருத்துவர்கள் தங்களையறியாமல் "அட!" என்றார்கள். மறுகணம் சுவர்த்திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன. பொருத்தம் 61. தேர்ச்சி இல்லை.

டாக்டர் செண்பகவடிவு உள்நோக்குக் குழாயைத் தேர்வுக்கு வைத்திருந்த போலிக்குடலின் வாயிலிருந்து மெல்ல உருவி, நர்ஸ் ராக்கினியிடம் கொடுத்தார்.

"நோயாளி பிழைச்சிட்டாரு சிஸ்டர். டாக்டர்தான் போய்ட்டா," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. தேர்வில் இது அவருடைய இரண்டாவது முயற்சி. விதிப்படி இன்னும் ஒன்றுதான் பாக்கி. குற்றால மலையடிவாரத்தில் அவர் வேலை பார்க்கும் சிறிய அரசு மருத்துவமனையில், வயிற்றைக் கிழிக்காமல் வாய்வழியே குழாய் விட்டுப் பித்தக்கல்லை எடுக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சான்று கிடைக்காவிட்டால் அவர் இனி மேசையைத் தொட முடியாது. அந்தப் பிரிவையே பூட்டிவிடுவார்கள்.

முன்பெல்லாம் இந்தச் சிறப்புப் பயிற்சிக்கு ஒரு முழு ஆண்டு பிடிக்கும். கைத்தட உறை வந்தபின் ஆறு வாரம் போதும் என்றாகிவிட்டது. தோளிலிருந்து விரல்நுனி வரை இழுத்து மாட்டிக்கொள்ளும் மெல்லிய உறை அது. மாநிலத்தின் தலைசிறந்த நிபுணர் என்று கருதப்பட்ட ஒருவரின் கை அசைவுகள் முழுவதும் அதற்குள் பதிவாகியிருந்தன. பயில்பவரின் கை வழிதவறினால் உள்ளிருக்கும் செயற்கைத் தசைகள் லேசாக இறுகி, கையைச் சரியான இடத்துக்கு நடத்திப்போகும். தேர்வின்போது உறை இழுக்காது; பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மதிப்பெண் மட்டும் போடும்.

அந்த நிபுணர் யார் என்பது யாருக்கும் தெரியாது. பதிவுக்கு வந்த பலரில் ஒருவரை, பாரபட்சம் கூடாது என்று பெயரை அழித்துவிட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கைக்கு மூலக்கை என்று பெயர் வந்தது. இந்த ஆண்டு முதல் பழைய மருத்துவர்களும் மூலக்கையோடு ஒத்துப்போகிறார்களா என்று பார்க்கும் தேர்வில் தேற வேண்டும். அனுபவசாலிகளுக்குப் பயிற்சி தேவையில்லை, நேரே தேர்வுக்கு வரலாம் என்று ஒரு மரியாதையும் செய்திருந்தார்கள்.

அந்த மரியாதைதான் செண்பகவடிவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

பயிற்சி மருத்துவர்களில் மேலப்பாளையத்துப் பீர்முகமதுவுக்கு எதையும் ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது. உறை போட்டுப் பழகிய எல்லோருக்கும் இடது தோளில் ஏன் வலி வருகிறது? மூலக்கை ஏன் மேசையிலிருந்து அவ்வளவு தள்ளி நின்று, கையை நீட்டி நீட்டி வேலை செய்கிறது? அதைவிடப் பெரிய புதிர் ஒன்று இருந்தது. வேலையின் நடுவே மூலக்கையின் வலது கை சில நேரம் குழாயை விட்டுவிட்டுக் கீழே இறங்கும். வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால், வெற்றுக் காற்றில் விரல்களை விரித்து நிற்கும். பிறகு திரும்பிப் போய்க் குழாயைப் பிடித்துக்கொள்ளும்.

பாடநூலில் இதற்கு அமைதி இடைவெளி என்று பெயர். கைநடுக்கத்தைத் தணிக்க மேதைகள் இயல்பாகக் கண்டுபிடித்த உத்தி என்று விளக்கமும் உண்டு. இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதும் எண்ணத்தில் இருந்தான் பீர்முகமது.

அன்று பிற்பகல் பயிற்சிக்கூடத்தில் அவன் மட்டும் பழகிக்கொண்டிருந்தான். செண்பகவடிவு ஓரமாக உட்கார்ந்து டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பீர்முகமதுவின் வலது கை குழாயை விட்டு இறங்கிக் காற்றில் நின்றது.

"என்ன தம்பி, பிள்ளை உதைக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார் அவர்.

"இல்ல மேடம், இது அமைதி இடைவெளி. நீங்க இதைச் செய்யாததாலதான் உங்களுக்கு மார்க் குறையுது."

"அமைதியா? நல்லா இருக்குப்பா. எங்க வீட்டுக்காரரு பாத்தா, மாசமா இருக்கியளா டாக்டர்னு கேட்டிருப்பாரு. எட்டாம் மாசத்துல நான் இப்படித்தான் நிப்பேன். மேசைகிட்ட நெருங்க முடியாது, வயிறு இடிக்கும். இடது தோளைத் தூக்கிக்கிட்டு, சும்மா சும்மா கையை வயித்துல..."

டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, இன்னொரு வாட்டி பண்ணு."

பண்ணினான். அவர் எழுந்து வந்து, அவனுடைய கைக்கும் வயிற்றுக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டா? நீங்க எப்பவாவது பதிவுக்குப் போயிருக்கீங்களா?"

"போனேனே. எங்களையெல்லாம் சென்னைக்குக் கூப்பிட்டாங்க. ஆளுக்கு ஒரு நாள் உறையை மாட்டிவிட்டு, வேலையைப் பாருங்கன்னாங்க. அப்புறம் ஒரு தகவலும் இல்ல. நாமதான் தேறலைன்னு நினைச்சேன்." குரல் தணிந்தது. "குழலி அப்ப வயித்துல இருந்தா."

பீர்முகமது தன் வலது கையைப் பார்த்தான். இத்தனை நாளும் ஒரு பிள்ளை இருக்க வேண்டிய இடத்தைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறது அது.

"சிஸ்டர்!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினான். "ஒரு தலையணை கிடைக்குமா?"

ராக்கினி வார்டிலிருந்து ஒரு தலையணையும் அகலமான கட்டுத்துணியும் கொண்டுவந்தார். காரணத்தைக் கேட்டதும், தலையணையைப் பாதியாக மடித்து, டாக்டரின் வயிற்றில் பக்குவமாக வைத்துக் கட்டினார்.

"இன்னும் கொஞ்சம் கீழ இறக்குங்க சிஸ்டர். தலை இறங்கிருச்சு அப்ப."

"சுகப்பிரசவமா டாக்டர்?"

"ஆமா. அந்த ஒரு விஷயத்துலதான் அவ சொன்ன பேச்சுக் கேட்டா."

வாழ்க்கையில் முதன்முறையாக உறையைப் பயிற்சி நிலையில் மாட்டிக்கொண்டு மேசைக்கு முன் நின்றார் செண்பகவடிவு. தலையணை மேசையில் இடித்தது. ஓர் அடி பின்னால் வந்தார். இடது தோள் தானாக உயர்ந்தது. குழாய் இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலின் வளைவில் திரும்பியது. உறை ஓரிடத்திலும் இறுகவில்லை. தன் கைக்குள் தானே கையை நுழைத்துக்கொண்டதைப்போல இருந்தது அவருக்கு.

பிறகு உறை மெல்ல இழுத்தது. வலது கை குழாயை விட்டு இறங்கி, தலையணையின் வலப்பக்கத்து விளிம்பில், விலா எலும்புக்குக் கீழே போய் நின்றது.

"ஐயோ!" என்றார். "இங்கதான். இங்கதான் உதைப்பா. சோறு தண்ணி இறங்க விடமாட்டா."

கம்பி பித்தநாளத்தின் வாயை நெருங்கியபோது உறை மறுபடி இழுத்தது, அதே இடம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறை, இப்போது அடிவயிற்றில். எந்த வேளையில் எங்கே உதைத்தாள் என்பதை அவர் எப்போதோ மறந்துவிட்டார். ஒவ்வோர் உதையும் உறைக்குள் அப்படியே இருந்தது. இந்த மாநிலத்தில் பயின்ற அத்தனை மருத்துவர்களும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் கண் நிறைந்து திரை மங்கியது. கை மட்டும் தப்பவில்லை.

பொருத்தம் 94 என்றது திரை.

"தலையணை கொஞ்சம் பெரிசு," என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "என் பிள்ளை சின்னப் பிள்ளை."

உதை வரும் வேளைகள் மனதில் பதியும்வரை அன்று இருட்டும்வரை பழகினார். மறுநாள் தேர்வு. பயிற்சித் துறைத் தலைவர் டாக்டர் குணசிங் வயிற்றுத் தலையணையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உடையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லாததால் அனுமதித்தார். பொருத்தம் 98 வந்தது. அவ்வளவு மதிப்பெண் அதுவரை யாரும் எடுத்ததில்லை.

விஷயத்தை வீட்டுக்குச் சொன்னபோது பதினொரு வயதுக் குழலி கேட்டாள்: "அப்போ பாதி மார்க்கு என்னோடதாம்மா?"

"பாதிக்கு மேல," என்றார் செண்பகவடிவு.

சான்றிதழை வாங்கிக்கொண்டு அவர் ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். பீர்முகமது விடவில்லை. இருவருமாகக் குணசிங்கின் அறைக்குப் போனார்கள்.

"சார், மூலக்கையை மாத்தணும்," என்றான் அவன். "மேடம் தலையணை இல்லாமப் பண்ணுறதைப் பாத்தீங்கள்ல? மேசையை ஒட்டி நிக்கிறாங்க. தோளைத் தூக்குறதே இல்ல. பாதி நேரத்துல வேலை முடியுது. அந்தக் கையைப் பதிவு பண்ணுங்க."

"அந்தப் பதிவு எடுத்தப்போ எனக்கு இந்த வேலை புதுசு சார்," என்றார் செண்பகவடிவு. "நாளத்தோட வாயைக் கம்பியால முட்டித்தான் திறக்கப் பாப்பேன். இப்பல்லாம் முட்ட மாட்டேன். கொஞ்சம் பொறுத்தா அதுவே தளர்ந்து கொடுக்கும். அது தெரியவே எனக்கு நாலஞ்சு வருஷம் ஆச்சு. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தா நல்லதுதானே?"

குணசிங் கெட்டவர் அல்ல. உண்மையிலேயே விதிகளைப் புரட்டிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுண்டியது.

"மூலக்கையா ஒருத்தரைப் பதிவு பண்ணணும்னா, அவரு முதல்ல இப்ப இருக்கிற மூலக்கையோட தொண்ணூத்தஞ்சுக்கு மேல பொருந்தணும். தகுதியில்லாத ஆளு உள்ள வந்துரக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

"நான் பொருந்தினேனே சார்."

"தலையணையோட பொருந்தினீங்கம்மா. அதே தலையணையோடதான் பதிவும் எடுப்பாங்க. அது இல்லாம நீங்க அறுபத்தொண்ணு."

"சரியாப் போச்சு," என்றார் செண்பகவடிவு. "எனக்கு நானே பொருந்தணும்னா, இன்னொரு பிள்ளை பெத்துக்கணும்."

குணசிங் சிரித்தார். பிறகு அவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "சான்று கையில இருக்கு. உங்க ஊர் மேசையில நீங்க எப்படி நிக்கிறீங்கன்னு யாரும் வந்து பாக்கப்போறதில்ல. போய் நாலு பேருக்குக் கல்லை எடுங்க டாக்டர்."

அவர் அப்படியே செய்தார். மேசையை ஒட்டி நின்று, பொறுத்திருந்து, தன் இன்றைய கையால் கல்லெடுத்தார். மறுபடி தேர்வு வந்தால் அன்றைக்கு மட்டும் தலையணை கட்டிக்கொள்ளலாம் என்று முடிவுசெய்திருந்தார்.

பீர்முகமதுவால் அப்படி விட முடியவில்லை. அமைதி இடைவெளிக் கட்டுரையைக் கிழித்துப்போட்டுவிட்டு, கண்டதையெல்லாம் விளக்கிச் சென்னையில் இருந்த கைத்தட வாரியத்துக்கு அனுப்பினான். மூலக்கை, அதற்கு உரியவர் கர்ப்பிணியாக இருந்தபோது பதிவானது. அதனால்தான் ஆயிரக்கணக்கான மருத்துவர்களுக்குத் தோள்வலி. ஆகவே புதிய பதிவு தேவை.

வாரியம் அவனைப் பாராட்டியது. காரணத்தை இவ்வளவு தெளிவாகக் கண்டுபிடித்ததற்கு ஒரு கேடயமும் கொடுத்தது. ஆனால் மூலக்கையை மாற்றினால், இதுவரை பயின்ற எல்லோரும் தவறாகப் பயின்றார்கள் என்று ஆகிவிடும். மேசைகளின் உயரமும் கட்டில்களின் அகலமும்கூட அந்தக் கைக்கு ஏற்பத்தான் செய்யப்பட்டிருந்தன. குறையாக இருந்தது வயிறு ஒன்றுதான் என்பதால் அதைக் கொடுக்க முடிவுசெய்தார்கள்.

அடுத்த பயிற்சி அணிக்கு உறையோடு வயிற்றணையும் வந்தது. மென்மையான, எடை சரிபார்த்த, எட்டு மாத வயிறு. அதன் உள்ளே ஓர் உணரி உண்டு. அணை உடலில் ஏறாமல் உறை வேலை செய்யாது. கேடயத்தோடு பீர்முகமதுவுக்குத் தேர்வு நடத்தும் பொறுப்பும் கிடைத்திருந்தது. மீசை வைத்த இளைஞர்கள் வரிசையாக வயிற்றைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்குள் வருவதைப் பார்த்து முதல் நாள் அவன் வாய்விட்டுச் சிரித்தான். சாய்ந்து தாங்க ஒன்று கிடைத்ததால் அவர்களுக்குத் தோள்வலி குறைந்திருந்தது. மதிப்பெண்களும் ஏறின. இரண்டு மாநிலங்கள் வயிற்றணை கேட்டு ஆள் அனுப்பின.

அணியில் டாக்டர் ஹெப்சிபா என்று ஒருத்தி இருந்தாள். வகுப்பிலேயே கூர்மையான கை. தேர்வு நாளன்று அவளுக்கு எட்டு மாதம்.

"சார், இதை மேலயே கட்டணுமா?" என்று வயிற்றணையைத் தூக்கிக் காட்டினாள்.

"கட்டலைன்னா உறை எழும்பாதும்மா," என்றான் பீர்முகமது. அப்படிச் சொல்லும்போது அவளை அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை.

தன் வயிற்றின் மேல் இன்னொரு வயிற்றைக் கட்டிக்கொண்டு அவள் நின்றாள். மேசை எட்டாத தூரத்தில் இருந்தது. முதுகை வளைத்து, முழங்கையை நீட்டி, எப்படியோ குழாயைச் செலுத்தினாள். வளைவில் திரும்பும்போது கை வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிப் பிடித்தாள். நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"உக்காந்துக்கிடு ஹெப்சிபா, அடுத்த தடவை பாப்போம்," என்றார் ராக்கினி பொறுக்க முடியாமல்.

"இல்ல சிஸ்டர். இதோ வந்துட்டேன்."

பித்தநாளத்தின் வாய் திரையில் தெரிந்தது. அவள் கம்பியை முன்னே நகர்த்தினாள். அப்போது சட்டென்று நின்று, வலது கையைக் குழாயிலிருந்து எடுத்து, இரண்டு வயிறுகளுக்கும் நடுவே நுழைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வலித்த முகத்தோடு லேசாகச் சிரித்தாள்.

"ஒரு நிமிஷம் சார். உதைக்கான்."

திரை அவளுக்காகக் காத்திருக்கவில்லை. மூலக்கையில் அந்த நேரத்தில் உதை கிடையாது. சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன: தேவையற்ற கை அசைவு. மதிப்பெண் குறைக்கப்படுகிறது.