ஒன்பது கம்புகள்

இருந்தவர்கள்: அக்கா, தொலைநோக்கியில். தங்கை, நோட்டில். அத்தான், வண்டியில், தூக்கத்தில்.

நோட்டின் ஒவ்வொரு பக்கமும் இப்படித்தான் தொடங்கும். அத்தான் தூங்குவதையும் எழுதியாக வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம். "பதிவுன்னா அதுல பொய் இருக்கக் கூடாதுடி" என்பாள். பல் டாக்டர். யாருக்கும் சலுகை கிடையாது. தங்கைக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதை ஏன் என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்துப் பழகியவள். எழுதும் வேலை அவளிடம் வந்தது அப்படித்தான்.

ஐந்து வருடமாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பறவைகளை எண்ண ஏரிக்கரைப் பலகைக் குடிலுக்கு வருகிறார்கள். கோடையில் வெடித்த சேற்றின் வாடை, மழைக்காலத்தில் நாணலை மூழ்கடிக்கும் தண்ணீர், பனி விழத் தொடங்கியதும் வானத்தை அடைத்துக்கொண்டு வந்திறங்கும் வாத்துக் கூட்டம், அவை மாலையில் போடும் சந்தைக்கடை இரைச்சல். எல்லாம் நோட்டில் இருக்கிறது. சட்டம் ஒன்றே ஒன்று. பார்ப்பவள் எழுதக்கூடாது, எழுதுபவள் பார்க்கக்கூடாது. இரண்டு பேரும் பார்த்தால் சண்டை வரும். சண்டை வந்தால் எண்ணிக்கை தவறும்.

அன்று மாலை அக்கா கண்ணைப் பொருத்திக்கொண்டு சொன்னாள். "வாத்து, இல்ல."

"என்னது?"

"எழுதுடி. நாமக்கோழி, இல்ல. நாரை, இல்ல. நீர்க்காகம், இல்ல."

நடுப்பனிக்காலத்தில் பக்கம் முழுக்கச் சுழி. தங்கை அப்படி எழுதியதே இல்லை. அப்போதுதான் காதும் உறைத்தது. இரைச்சல் இல்லை. தவளை இல்லை. நாணல்கூட ஒன்றோடொன்று உரசவில்லை. பலகை இடுக்கு வழியாக, ஊறிப்போன துணியின் வாடை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஆள், ஒண்ணு. முதல் கம்பு."

பறவைகளைக் கலைப்பவர்களையும் எழுதுவது வழக்கம். நீர்மட்டம் பார்க்க ஏரிக்குள் வரிசையாக ஒன்பது கம்புகள் நட்டிருந்தார்கள். ஒன்பதாவது எதிர்க்கரையில். முதலாவது குடிலுக்கு முப்பதடியில்.

"மீன்காரரா? துடுப்புச் சத்தமே கேக்கலையே."

தங்கை சும்மா பக்கத்தைத் திருப்பினாள். போன தடவை: ஆள் ஒன்று, இரண்டாம் கம்பு. அதற்கு முன்: ஆள் ஒன்று, மூன்றாம் கம்பு. நான்காம் கம்பு. ஐந்தாம் கம்பு. வேகமாகத் திருப்பினாள். மழைக்காலத் தொடக்கத்தில், ஒன்பதாம் கம்பு. எல்லாம் அவள் கையெழுத்து. அதே வரிகளில் நீர்மட்டமும் இருந்தது. ஆறடி. ஏழடி. எட்டடி.

எட்டடித் தண்ணீரில் யார் நிற்பது?

"அக்கா. யாருக்கா அது?"

"மீன்காரன்னுதான் நெனச்சேன்." அக்கா கண்ணை எடுக்காமலே சொன்னாள். "இன்னைக்குத்தான் மூஞ்சி தெரியுது."

"எப்படி இருக்கு?"

அக்கா சொன்னாள். "அதை எழுதாதே."

ஐந்து வருடத்தில் அக்கா வாயிலிருந்து வராத வார்த்தை அது. சட்டமாவது கிட்டமாவது என்று தங்கை பக்கவாட்டு ஜன்னலின் பலகையைத் தள்ளினாள். சாம்பல் நிறத்தில் தண்ணீர். முதல் கம்பு. கம்பைச் சுற்றி ஒரு சிற்றலைகூட இல்லை.

"அங்க யாரும் இல்லக்கா! கம்புதான் இருக்கு!"

"இப்ப அங்க இல்லதான்," என்றாள் அக்கா. "மங்குது. இருபதடிக்குள்ள வந்தா இதுல சரியாத் தெரியாது."

"எழுந்திரு. வா, போலாம்."

"கண்ணை எடுக்க முடியலடி."

"விளையாடாதக்கா."

"நானா விளையாடறேன்?"

தங்கை அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். தோள் அசையவில்லை. தொலைநோக்கியின் முக்காலியைத் தள்ளினாள். அதுவும் தரையில் முளைத்ததுபோல நின்றது. குழாயில் ஒட்டியிருந்த கண்ணைச் சுற்றித் தோல் இழுபட்டு வெளுத்தது. அக்கா முனகினாள். தங்கை கையை எடுத்தாள். அக்காவின் மறு கண் திறந்திருந்தது. அது தங்கையைப் பார்த்தது. நீர் வழிந்தது. எத்தனையோ பேரை நாற்காலியில் உட்காரவைத்து, பயப்படாதே, ஒன்றும் ஆகாது என்று சொன்னவளின் கண்.

"அவரை எழுப்பிக் கூட்டிட்டு வா."

"உன்னை விட்டுட்டா?"

"நீ இருந்து என்னத்தைக் கிழிக்கப் போற? ஓடுடி!"

ஓடினாள். கதவைத் தள்ளி, படியில் இறங்கி, வரப்பில் கால் வைத்து. வண்டி தூரத்தில் தெரிந்தது. உள்ளே அத்தானின் தலை சாய்ந்திருந்தது. கத்தினாள். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. மறுபடி. அதே காற்று.

கால் வழுக்கியது. குனிந்து பார்த்தாள். வரப்பு ஈரம். திரும்பிப் படியைப் பார்த்தாள். படியும் ஈரம்.

பாதத் தடங்கள். விரல்கள் குடிலை நோக்கி. ஒவ்வொரு படியிலும் ஒன்று. கடைசிப் பாதம் வாசற்படியில், பாதி வெளியே, பாதி உள்ளே. இறங்கி வந்த தடம் அவளுடையது மட்டும்.

அவள் வெளியே வந்தபோது அது உள்ளே போயிருக்கிறது. அவளை உரசிக்கொண்டு.

"அக்கா!"

கதவு மெதுவாக மூடியது. காற்றே இல்லை. ஓடிப்போய் இரண்டு கையாலும் அறைந்தாள். பலகை நனைந்து குளிர்ந்திருந்தது.

குடிலின் மறுகோடியில், ஏரியைப் பார்த்த ஜன்னலருகில், அக்கா விசும்புவது கேட்டது. பன்னிரண்டடி தள்ளி. உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் அசையவில்லை.

கதவின் உட்பக்கத்தில், தங்கையின் உள்ளங்கைக்கு நேர் எதிரே, தாழ்ப்பாளை யாரோ தடவித் தேடினார்கள். கண்டுபிடித்தார்கள். நிதானமாக இழுத்துப் போட்டார்கள்.