குளவி வளர்த்த வைரஸ்

பிணம் அசைந்தது!

சப்-இன்ஸ்பெக்டர் தாணம்மாள் இரண்டடி பின்வாங்கினார். கை தானாக லத்தியைத் தேடியது.

"ஏட்டி... செத்தவன் அனங்குதான்!"

"செத்தவனில்ல மேடம். புழு" என்றாள் ஆய்வு மாணவி ரஷ்மி. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "உள்ள இருக்கது குளவிக் குஞ்சு. இப்ப வெளிய வரும்."

கண்ணாடிக் கிண்ணத்தில் கிடந்த புழுவின் தோல் கிழிந்தது. வெள்ளையாய் ஏதோ நெளிந்தது...

"மூடு, மூடு! நான் இப்பதான் சாப்பிட்டேன்!"

தக்கலைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்து நடுவே இருந்தது அந்த ஆய்வுக்கூடம். வாழையைத் தின்னும் புழுவைக் கொல்ல, கொசு அளவில் குளவி வளர்க்கிற இடம்.

"கொலையைக் காட்டவா கூப்பிட்டீரு?"

"கொலையில்ல. களவு!" என்றார் டைரக்டர் ஜெயசிங். "போன வாரம் ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு டியூப் போச்சு. உள்ள வைரஸ்."

"வைரஸா!"

தாணம்மாளின் கர்ச்சீப் மூக்குக்குப் போனது. ஏட்டு ஜான்ரோஸ் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தார்!

"சாவி இவ கையிலதான் இருந்துது. களியக்காவிளை தாண்டி கேரளாவில எவனுக்கோ வித்துட்டா" என்றார் ஜெயசிங். "ஒரு வாரம் டைம் குடுத்தாச்சு. இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள டியூப் வரல்லன்னா வேலையும் காலி, பிஎச்.டி.யும் காலி!"

"நான் விக்கல்ல சார்!" ரஷ்மியின் குரல் உடைந்தது. "குளவி குளவியா அறுத்து நானாக்கும் அதை எடுத்தது. எதுக்கு விக்கப் போறேன்?"

"வேற யாரு ஃப்ரிட்ஜ் பக்கம் வருவா?" என்றார் தாணம்மாள்.

"உரக்கடைக்காரங்க. குளவிக் கூட்டுப்புழு ஒட்டின அட்டை வாங்க வருவாங்க. அப்ப ஃப்ரிட்ஜ் திறந்துதான் கெடக்கும்."

"எத்தனை பேரு?"

"மாவட்டம் பூரா!"

"வெளங்கீரும்! செரி, அந்த வைரஸ் ஆளைக் கொல்லுமா?"

"எறும்பைக்கூடக் கொல்லாது மேடம். அது வளர்ப்பு வைரஸ்."

"என்னது... நாய்க்குட்டி மாதிரியா?"

"ஆமா. பத்துக் கோடி வருஷம் முந்தி ஒரு வைரஸ் நோயா வந்து குளவிக்க உடம்பில கேறிச்சு. குளவி செத்துப் போகல்ல. அந்த வைரஸுக்க ஜீனை எடுத்துத் தனக்க ஜீனோட சேத்துக்கிட்டு! இப்ப அதுக்க முட்டைப்பையிலேயே வைரஸ் தயாராகும். புழுவைக் குத்தும்போ முட்டையும் வைரஸும் சேந்து உள்ள போகும்."

"போயி?"

"புழுவுக்க உடம்பில காவலுக்கு நிக்கிற செல்லை எல்லாம் மயக்கிரும். இல்லேன்னா முட்டையைச் சுத்திவளைச்சுக் கொன்னுரும்லா?"

தாணம்மாள் கர்ச்சீப்பை இறக்கினார். கண் மின்னியது.

"ஏட்டி, கள்ளனால அதைத் தனியாப் பெருக்க முடியுமா?"

"முடியாது. பெருகுகதுக்கு வேண்டிய ஜீன் எல்லாம் குளவி தன்கிட்டயே வச்சிருக்கு. வெளிய போற வைரஸுக்குப் பெருக வழியில்ல. ஆனா உரக்கடையில விக்கிற வைரஸ் மருந்து வேற. அது புழுவுக்குள்ள பெருகும். புழு தலைகீழாத் தொங்கிச் சாகும். அதை அரைச்சு, வடிகட்டித் தெளிப்பாங்க."

"அப்ப கள்ளன் இதையும் அரைக்கலாம்னு எடுத்திருக்கான். புழு சாகாம முழிச்சிட்டிருப்பான். சந்தேகம் யாரிட்ட கேப்பான்?"

கிர்ர்ர்ர்...!

மேசை மேல் விவசாயிகள் உதவி போன்!

ரஷ்மி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மோளே, மரச்சீனிக் கிழங்கைப் பன்னி தோண்டுகு. பன்னியைக் குத்துக குளவி உண்டா?"

"இல்ல அண்ணே."

"பின்ன என்னத்துக்கு வளக்குதிய!"

டொக்.

ஜெயசிங் வாட்ச்சைப் பார்த்தார். ரஷ்மி கண்ணைத் துடைத்தாள்.

கிர்ர்ர்ர்...!

இந்தக் குரல் வாயில் பொத்திய துணிக்குள்ளிருந்து வந்தது.

"மேடம்... வாழைப் புழுவுக்கு வைரஸை இலையில தடவிக் குடுத்தேன். நல்லா தின்னுது. பொறவு ஊசி போட்டேன். சாகவும் மாட்டேங்கு, கூட்டுப்புழுவாகவும் மாட்டேங்கு. சும்மா கெடக்கு!"

ரஷ்மி சட்டென்று நிமிர்ந்தாள்!

புழுவை வளரவிடாமல் நிறுத்தி வைப்பது... குளவியின் வைரஸ் செய்கிற வேலை!

"டியூப் மூடி என்ன நிறம் அண்ணே?" ரஷ்மி குரலில் தேன் தடவினாள்.

"ஊதா."

எனக்க டியூப்! ரஷ்மி சத்தமில்லாமல் குதித்தாள்.

"மிச்சம் உண்டா?"

"பாதி ஃப்ரீசர்ல இருக்கு. பெருக்கித் தந்தா நம்ம கடைக்கே சொந்தமா ஒரு மருந்து இறக்கலாம்னு..."

"ஊசி நல்ல ஊசிதானா?"

"ஒண்ணாந்தரம்! எனக்க வீட்டுக்காரிக்க இன்சுலின் ஊசியாக்கும்."

தாணம்மாளின் முகம் மாறியது.

போனின் திரையைப் பார்த்தார். அந்த நம்பரை... இன்னொரு தடவை பார்த்தார்.

"ஊசி எண்ணம் குறையுதேன்னு பாத்தேன்!"

மறுமுனையில் எதுவோ கீழே விழுந்து உடைந்தது.

"...தாணு?"

பூதலிங்கம். வடசேரியில் உரக்கடை. தாணம்மாளின் கணவர்!

"நீ... நீ எங்க நிக்க?"

"நீங்க எங்க நிக்கிய? அனங்காம அங்கயே நில்லும். ஃப்ரீசரில கை வச்சீருன்னா கையிருக்காது!"

போனை வைத்தார்.

ஜெயசிங் தொண்டையைச் செருமினார். ரஷ்மியைப் பார்க்க முடியவில்லை. "ரஷ்மி... நீ போய்க் குளவிக்குத் தேன் வையும்மா. நாளைக்கும் வேலைக்கு வரணும்." அப்புறம் இன்னும் மெதுவாக, "மேடம்... வேணும்னா புகாரை வாபஸ்..."

"புகாரைத் தொடாதேயும்! இவளுக்கு மட்டும் கேஸு, எனக்க வீட்டுக்காரருக்கு வாபஸா? ஏட்டு, ஜீப்பை எடும்!"

வாசலிலிருந்து ஜான்ரோஸ் எட்டிப் பார்த்தார். "மேடம்... வீட்டு சாரை எப்படி விசாரிக்கது?"

"விசாரிக்க வேண்டாம்வே" தாணம்மாள் தொப்பியை மாட்டினார். "கல்யாணமான நாள்லேருந்து எனக்கிட்ட ஒரு உண்மை சொன்னதில்ல... விவசாயி நம்பருக்குப் போன் போட்டு அவ்வளவையும் சொல்லிட்டாரு!"