மணலில் சிவப்புச் சொட்டு

பஸ்மியாவின் வாப்பா முனாஸிடம் ஒரு வான் இருந்தது. ஜப்பானிலிருந்து வந்த, கியர் தானாக மாறும் ஓட்டோ கியர் வான். கோபம் வந்தால் யார் சொல்லையும் கேட்காது. பார்த்துப் பார்த்து, வலைப்பந்து இறுதிப் போட்டி நாளில்தானா அதற்குக் கோபம் வரவேண்டும்?

ஒன்பது மணிக்குத் திருகோணமலை மைதானத்தில் நிற்க வேண்டும். பிந்தினால் தோற்றதாகக் கணக்கு. பஸ்மியாவோடு சேர்த்து கிண்ணியா அணியின் ஏழு பிள்ளைகளும் வானில் ஏறிவிட்டார்கள். இஞ்சின் உறுமியது. வான் அசையவில்லை.

வாப்பா இஞ்சினை நிறுத்தினார். கியர் ஓயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். ஓயில் கோடு வரை இருந்தது.

“ஓயில் சரியா இரிக்கி மகள். கியர் பெட்டிதான் போயிட்டு. இனி ஏலா.”

அணித் தலைவி றம்லாவின் கண்கள் கலங்கின. பஸ்மியாவுக்கும் அழுகை முட்டியது. வானிலிருந்து இறங்கியவள், கீழே மணலில் சிவப்புச் சொட்டுகளைக் கண்டாள். அடுத்த வீட்டு மாமா வெற்றிலை துப்புகிறார் என்று இரண்டு நாளாக உம்மா முணுமுணுத்தது இதைப் பார்த்துத்தான். பஸ்மியா குனிந்து தொட்டாள். விரல் வழுக்கியது.

இது ஓயில்! வாப்பா உருவிய கம்பியில் இருந்த அதே சிவப்பு. ஓயில் ஒழுகினால் கம்பி ஏன் கோடு வரை நனைகிறது?

வானோடு வந்த புத்தகத்தை எடுத்தாள். முழுக்க ஜப்பான் மொழி. வாப்பா அதை விசிறியாகத்தான் வைத்திருந்தார். எழுத்து புரியாவிட்டால் என்ன, படம் புரியாதா? ஒரு படத்தில் அதே கம்பி. பக்கத்தில் புகை விடும் வான்.

“வாப்பா, இஞ்சின் ஓடக்குள்ளதான் பாக்கணும் போல. ஒருக்கா பாருங்களன்.”

இருபது வருடமாக நிறுத்தித்தான் பார்ப்பதாக வாப்பா சொன்னார். ஆனாலும் இஞ்சினை ஓடவிட்டுக் கம்பியை உருவினார். நுனி மட்டும் நனைந்திருந்தது.

ஓட்டோ கியரில் இஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவதே அந்த ஓயில்தான். குறைந்தால் இஞ்சின் கத்தும், வான் நகராது. இஞ்சினை நிறுத்தியதும் மேலே சுற்றிய ஓயில் கீழே வடிந்து, நிறைய இருப்பதுபோல் ஏமாற்றியிருக்கிறது.

வாப்பா வானுக்கடியில் படுத்து, தளர்ந்திருந்த குழாயை இறுக்கினார். பின் இருக்கைக்கு அடியில் கிடந்த போத்தலிலிருந்து கியர் ஓயிலை ஊற்றினார். வான் ஒரு குலுங்கு குலுங்கிப் புறப்பட்டது. கிண்ணியாப் பாலம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல்தான்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மைதானத்தில் குதித்தார்கள். பதினான்குக்குப் பன்னிரண்டு என்று வென்று, கிண்ணத்தோடு திரும்பினார்கள்.

அன்று மாலை உம்மா தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்து இனிக்க இனிக்க வட்டிலப்பம் செய்தார். முதல் தட்டு அடுத்த வீட்டு மாமாவுக்குப் போனது. ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.