மூக்கு வழியாக எடுத்தது

"ஏதோ வாசனை வருதே," என்றான் அவன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது. மதியம் மூன்று மணி. அடுப்பு அணைந்து கிடந்தது, ஜன்னல்கள் சாத்தியிருந்தன, மின்விசிறி சுற்றும் சத்தத்துக்கு அடியில் அவன் மூச்சு இழுபடுவது மட்டும் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மண்டையோட்டின் அடித்தளத்தில் இருந்த கட்டியை, மூக்கு வழியாகக் குழாய் விட்டு எடுத்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. போன மோப்பசக்தி இனித் திரும்பாது என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார்.

"சாதுவான கட்டிதாம்மா, கேன்சர் இல்ல," என்று சிரித்தபடிதான் அவளிடம் கையெழுத்து வாங்கினார். "பத்து வருஷமா மெதுவா வளந்திருக்கு. வாசனை தெரியலன்னு அப்பவே வந்திருக்கலாமே?"

அவள் வரவில்லை. ஏன் என்பதை அந்த மனுஷரிடம் எந்த வாயால் சொல்வாள்? கல்யாணமான முதல் இரண்டு வருடமும் புருஷனின் அடி அவன் மூக்கில்தான் தொடங்கும். அவள் கழுத்தை முகர்ந்துவிட்டு, "எவன் வந்துட்டுப் போனான்?" என்பான். எவனும் வந்ததில்லை. கதவிடுக்கில் வைத்து அவன் நசுக்கிய சுண்டுவிரல் இன்றும் மடங்காது. முன்கையில் இஸ்திரிப் பெட்டியின் கூர்முனை தழும்பாகப் பதிந்திருக்கிறது. பிறகு ஒருநாள் அவனுக்கு மோப்பம் போயிற்று, கூடவே கோபமும் போயிற்று. ஆபீசில் வாயில்லாப்பூச்சி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்புறம் பிறந்த மகளுக்கு அவன் என்றால் கொள்ளை உயிர். எதையாவது கைக்குள் மறைத்து வந்து அவன் மூக்கருகே நீட்டுவாள். பூவை மண்ணெண்ணெய் என்பான், சோப்பை மீன் என்பான், குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். அவனுக்குப் பார்வை மட்டும் மங்காமல் இருந்திருந்தால் மோப்பம் போனதை அவள் ஆயுசுக்கும் எந்த டாக்டரிடமும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள்.

அவன் எழுந்து வந்தான். குனியக் கூடாது, முக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் அச்சடித்துக் கொடுத்த தாள் சுவரில் ஒட்டியிருந்தது. அதற்கு எதிரிலேயே நின்று குனிந்தான். காய்ந்த ரத்தமும் மருந்தும் கலந்த நெடியோடு அவன் மூச்சு அவள் கழுத்தில் மோதியது. நீளமாக இழுத்தான். இன்னொரு முறை இழுத்தான். அவன் மூக்கிலிருந்து தண்ணீர் போல ஒரு சொட்டு அவள் தோளில் விழுந்தது.

"எவன் வந்துட்டுப் போனான்?"

அதே பழைய குரல்.

"யாரும் வரலைங்க. நீங்க படுங்க, டாக்டர் சொன்னாரில்ல..."

அவள் தலைமுடியைப் பிடித்து அலமாரியில் இடித்தான். கண்ணாடி உடைந்தது. மறுபடி இடித்தான். பல் ஒன்று நாக்கில் உருண்டது. மூன்றாவது மோதலில் தாடையில் ஏதோ நறுக்கென்றது. விழுந்தவளின் விலாவில் உதைத்தான். இடுப்பில் உதைத்தான். அவனிடம் அவசரமே இல்லை.

பிறகு ஹாலுக்குப் போனான். வயரைப் பிரிக்கும் சத்தம். சுவிட்ச். பாதி திறந்த கதவு வழியே, மேசைமேல் இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிவது தெரிந்தது. அது அணைந்தால் சூடு ஏறிவிட்டது என்று அர்த்தம். அவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தவழப் பார்த்தாள். கால் வரவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். மூன்றேகால். பள்ளிக்கூடம் விட்டாயிற்று.

ஓடு என்று கத்த வாயைத் திறந்தாள். தாடை தொங்கியது. ரத்தம்தான் வந்தது.

"அப்பா! எழுந்துட்டியா? அம்மா எங்க?"

"தூங்குறா. இங்க வா கண்ணு. அப்பாவுக்கு இப்ப வாசனை தெரியுது."

"நெஜமாவா!" பை தரையில் விழுந்தது. சின்னக் கால்கள் துள்ளி ஓடின. "அப்ப இது என்னன்னு சொல்லு பாப்போம்!"

மூடிய கையை அவன் மூக்கருகே நீட்டினாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தான். குனிந்தான். நீளமாக இழுத்தான்.

"எவன் குடுத்தான்?"

குழந்தை கலகலவென்று சிரித்தது.

"தப்பு! இன்னொரு வாட்டி மோந்து பாரு," என்று கையை இன்னும் முன்னால் நீட்டினாள்.

மேசைமேல் சிவப்பு விளக்கு அணைந்தது.