முதலில் யார் அணைப்பது

2147 மார்ச் 12. பயிற்சி ஊர்தியில் மொத்தம் பதினாறு விளக்குகள் என்று நேற்று எழுதியிருந்தேன். தவறு. பதினேழு. பதினாறையும் அணைத்த பிறகு, எல்லாம் அணைந்துவிட்டது என்று நமக்குத் தெரிவிப்பதற்காக ஒரு நீல விளக்கு எரிகிறது. அதை நான் எண்ணவில்லை. இரண்டாவது தேர்வில் தோற்றது அதனால்தான் என்று நினைக்கிறேன். வேறு காரணமும் இருந்திருக்கலாம்.

ஜெசிந்தா இதை எழுதி முடித்தபோது காலை மணி ஒன்பது. வெளியே கும்மிருட்டு. நிலவில் இரவு பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. விடிவதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. குடியிருப்பில் எல்லோரும் வழக்கம்போல் பல் துலக்கி, இட்லி சாப்பிட்டு, அந்த இருட்டுக்குள் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் பசுங்கூடத்தில் தக்காளிச் செடிகளைப் பார்க்கும் வேலைக்கு விடுப்பு சொல்லியிருந்தாள். பத்து மணிக்கு அவளுக்கு மூன்றாவது தேர்வு.

தேர்வு ஊர்தி ஓட்டுவதில் அல்ல. ஓட்டுவதை ஊர்தியே பார்த்துக்கொள்ளும். விளக்கை அணைப்பதில்தான் தேர்வு. அதற்கு மூன்று மாத மாலை வகுப்பு. தூத்துக்குடியிலிருந்து பேசிய அக்கா இதைக் கேட்டுவிட்டு, "லைட்ட ஆஃப் பண்ண மூணு மாசம் கிளாஸா? அப்ப ஆன் பண்ண டிகிரி படிக்கணுமாளா?" என்று கேட்டிருந்தாள்.

அக்காவுக்கு இப்போதைய ஊர்திகளைத் தெரியாது. அவை அலைகளை வீசி வழியறிகின்றன. வெளிச்சம் அவற்றுக்குத் தேவையே இல்லை. ஆனாலும் விளக்கில்லாத வண்டியில் ஏற மாட்டோம் என்று மனிதர்கள் சொன்னதால் முன்விளக்கு வைத்தார்கள். பிறகு கதவைத் திறந்தால் வரவேற்கும் விளக்கு, காலடிக்கு ஒன்று, ஓட்டுபவரின் மனநிலைக்கேற்ப நிறம் மாறும் விளக்கு, இறங்கிப் போகிறவருக்கு அரை நிமிடம் வழிகாட்டும் விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் அணைக்கும் இடம் திரையில் வெவ்வேறு அடுக்கில் இருந்தது. ஒன்றை அணைத்தால் வேறொன்று "பாதுகாப்புக்காக" எரிந்தது.

குடியிருப்புக்கும் பனிச்சுரங்கத்துக்கும் இடையில் ஒரு வானாய்வகம் இருந்தது. அது வானத்தின் ஒரே துண்டை நாள்கணக்கில் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு சிறு விளக்கு குறுக்கே வந்தாலும் அத்தனை நாள் பதிவும் வீண். ஆகவே அதைச் சுற்றிப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இருள்வட்டம் வகுத்திருந்தார்கள். உரிமம் பெற்றவர்கள் மட்டுமே அதைக் கடக்கலாம்.

ஜெசிந்தாவின் கணவன் அமலன் வட்டத்துக்கு அப்பால் பனிச்சுரங்கத்தில் வேலை பார்த்தான். திருமணமாகி ஐந்து மாதம். சேர்ந்து இருந்தது பதினோரு நாள். பிறர் ஊர்தியில் பயணியாகப் போக ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் அனுமதி கிடைக்கும்; உரிமம் இருந்தால் வாரந்தோறும் போகலாம். இருவரில் ஒருவரிடம் இருந்தால் போதும். ஆனால் மூன்றாம் முறையும் தோற்றால் ஓராண்டுக்குத் தேர்வெழுத முடியாது. தேர்வைப் பற்றி அமலனிடம் அவள் மூச்சுவிடவில்லை. இரண்டு தோல்வியைச் சொல்ல வெட்கமாக இருந்தது. தேறிவிட்டால் நேரே போய் அவன் அறைக்கதவைத் தட்டிவிடலாம் என்று வைத்திருந்தாள்.

தேர்வாளர் முபீனாவுக்கும் அவள் வயதுதான் இருக்கும். பின்னிருக்கையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வறுகடலைப் பொட்டலத்தைப் பிரித்து, "நான் இல்லன்னு நெனச்சுக்குங்க" என்று சொன்னார். தேர்வு முடியும்வரை அவர் பேசக்கூடாது என்பது விதி. வானாய்வகத்தின் காதில் விழும் என்பதால் அந்தப் பாதையில் வானொலிப் பேச்சுக்கும் தடை.

ஊர்தி முழு வெளிச்சத்தோடு புறப்பட்டது. வட்டத்தின் விளிம்பில் நிற்கும் எல்லைத்தூண்வரை விளக்கு எரியலாம். ஜெசிந்தா அணைப்பு வரிசையை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். மனநிலை விளக்கை முதலில் அணைக்கவேண்டும்; கடைசிவரை விட்டால் பதற்றத்தைக் கண்டு அது சிவப்பாக மாறிக்கொண்டிருக்கும். நீல விளக்கின்மேல் விரலை எங்கே வைப்பது என்று நகத்தால் ஒரு கீறல்கூடப் போட்டு வைத்திருந்தாள்.

தூணுக்கு நானூறு மீட்டர் இருக்கும்போது ஊர்தி தணிந்த குரலில் கேட்டது: "எதிரே ஓர் ஊர்தி வருகிறது. அதற்காக இப்போதே அணைக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய ஊர்திகள் எதிரில் இன்னொன்றைக் கண்டால் யாரையும் கேட்காமல் விளக்கைத் தணித்துக்கொள்ளும். அது வாங்கியவர்களுக்குப் பிடிக்கவில்லை. எதிரில் வருகிறவன் அணைக்காமல் வரும்போது என் வண்டி மட்டும் ஏன் பணிந்துபோக வேண்டும் என்று ஆயிரக்கணக்கில் புகார்கள் போயின. அதன் பிறகுதான் ஒப்புதல் கேள்வியைச் சேர்த்தார்கள்.

பாடநூல் தூணில்தான் அணைக்கச் சொல்கிறது. முன்னதாக அணைத்தால் மதிப்பெண் குறைப்பார்களோ என்று ஜெசிந்தாவுக்குச் சந்தேகம். 'வேண்டாம்' என்பதைத் தொட்டாள்.

தொட்ட நொடியில் எதிரே வெள்ளைச் சுவர் எழுந்ததுபோல் வெளிச்சம் வந்தது. வட்டத்துக்குள் இருளில் வந்துகொண்டிருந்த ஊர்தி, வெளியேற முந்நூறு மீட்டர் இருக்கும்போதே முன்விளக்கைப் போட்டுவிட்டது. அதுவும் முழு உயரத்தில்.

அவள் கண்ணைச் சுருக்கினாள். ஊர்தி தூணருகே போய் நின்றது. "எதிரே விளக்கு எரிகிறது. முதலில் நாம் அணைக்கலாமா?"

எதிரே வருகிறவன் வட்டத்துக்குள் இருக்கிறான். அவள் இன்னும் வெளியே. விதி அவள் பக்கம். குற்றம் அவனுடையது. வேண்டாம் என்றாள். ஒரு முறை விளக்கைத் தூக்கி இறக்கிக் காட்டினாள். அவனும் தூக்கி இறக்கினான். அவள் இரண்டு முறை செய்தாள். அவன் மூன்று முறை செய்தான். ஊர்தி மறுபடி கேட்டது. அவள் மறுபடி மறுத்தாள். எதிர் ஊர்தி ஊர்ந்து வந்து, முகத்துக்கு முகம் நின்றது.

"எருமை மாடு," என்றாள் ஜெசிந்தா, தேர்வாளர் இல்லையென்று நினைத்துக்கொண்டு.

பத்தொன்பது நிமிடம் இப்படியே போயிற்று. பின்னாலிருந்து கடலை மெல்லும் ஓசை நின்றது. முபீனா முன்னால் குனிந்து, தன் சாவியால் ஊர்தியை முழுவதுமாக அணைத்தார். இருளில் அவர் குரல் மட்டும் கேட்டது.

"வானாய்வகம் மூடியப் போட்டுருச்சு. நாலு நாள் பதிவு தப்பிச்சுது, அந்த மட்டும் சரி."

"வண்டிதான் மேடம் அணைய மாட்டேங்குது," என்றாள் ஜெசிந்தா.

"வண்டி ஆறு வாட்டி கேட்டுச்சு. ஆறு வாட்டியும் நீங்கதான் வேண்டாம்னீங்க."

எதிர் ஊர்தியும் அணைந்தது. அதிலும் ஒரு தேர்வாளர் இருந்தார். இரண்டையும் இணைகுழாயால் பொருத்தினார்கள், வாக்குமூலம் வாங்குவதற்காக. குழாய்க்கதவு திறந்து ஒருவன் குனிந்து நுழைந்தான். தலைக்கவசத்தைக் கழற்றும்போதே பேசிக்கொண்டு வந்தான்.

"டிம் பண்ணத் தெரியாதாங்க உங்களுக்கு? கண்ணு அவிஞ்சு போச்சு."

அமலன்.

அவனுக்கும் அது மூன்றாவது தேர்வு. அவனும் சொல்லவில்லை. தேறிவிட்டு நேரே தக்காளிச் செடிகளுக்கு நடுவே வந்து நிற்கலாம் என்று வைத்திருந்தானாம். இளைத்திருந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏ ஜெசி, நீயா அது" என்று இரண்டு தடவை சொன்னான். முபீனா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்த்தார், பார்க்க ஒன்றுமில்லாத இருட்டு என்றாலும்.

பிறகு விதியை விளக்கினார். பதிவில் இருவர் மறுப்பும் ஒரே நொடியில் விழுந்திருப்பதால் முதல் மறுப்பு யாருடையது என்று இயந்திரத்தால் சொல்ல முடியவில்லை. இருவரில் ஒருவர் 'முதலில் மறுத்தது நான்' என்று படிவத்தில் ஏற்றுக்கொண்டால் அவர் தோற்றவர். மற்றவருக்கு உரிமம் கிடைக்கும். யார் படிவம் முதலில் வருகிறதோ அதுவே கணக்கு. நாளை காலை பத்து மணிக்குள் எதுவும் வராவிட்டால் இருவருக்கும் ஓராண்டுக்குத் தேர்வே இல்லை.

ஜெசிந்தாவுக்கு நெஞ்சு லேசாயிற்று. ஒரே ஓர் உரிமம் போதும், வாரந்தோறும் பார்த்துக்கொள்ளலாம். அமலனும் அதையேதான் சொன்னான்.

"நீ ஒத்துக்க. லைசென்ஸ் எனக்கு வரும். வாரா வாரம் நானே வந்துருதேன். உனக்கு அலைச்சல் மிச்சம்."

"ஏன், நீங்க ஒத்துக்கிடுங்க. நான் வாரேன்."

"நான் இருட்டுல செவனேன்னு வந்துக்கிட்டிருந்தேன். மூஞ்சியில அடிச்சது யாரு?"

"நான் தூணுக்கு வெளியே இருந்தேன். எனக்கு ரூல் இருக்கு. உள்ள இருந்துக்கிட்டு போட்டது நீங்க."

"எதிர்ல வாரவனுக்கு ஒரு மரியாதை கெடையாதா?"

"அந்த மரியாதைய நீங்க முதல்ல காட்டுறது."

அந்தப் பதினோரு நாளுக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த நாற்பது நிமிடமும் இப்படித்தான் கழிந்தது. பாடநூலின் பக்க எண்ணைக்கூட அவள் சொன்னாள். அவன் ஊரில் தன் அப்பா லாரி ஓட்டிய முறையைச் சொன்னான். முபீனா ஒரு கட்டத்தில் கடலையை இருவர் பக்கமும் நீட்டிப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. நேரமானதும் குழாயைக் கழற்றினார்கள். இரண்டு ஊர்திகளும் தேர்வாளர்கள் பொறுப்பில் வந்த வழியே திரும்பின, ஒரு விளக்கும் இல்லாமல்.

அறைக்கு வந்து ஜெசிந்தா குறிப்பேட்டைத் திறந்தாள். நடந்ததை வரிசையாக எழுதினாள். முதல் கேள்வி நானூறு மீட்டரில் வந்தது. எதிர் விளக்கு அதன் பிறகுதான் வந்தது. எழுதி முடித்துப் படித்தபோது முதலில் மறுத்தது தானாகத்தான் இருக்கவேண்டும் என்று பட்டது. அவன் ஊர்தியும் அதே நொடியில், அணைத்தபடியே போகலாமா என்று கேட்டு, அவனும் வேண்டாமென்று விளக்கைப் போட்டிருக்கலாம் என்றும் பட்டது. படிவத்தைத் திரையில் வரவழைத்துத் தன் பெயரை நிரப்பினாள். ஒரு பிழையும் இல்லை. அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்து, சற்று நேரம் வைத்தபடியே இருந்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டுக் கடைசி வரிகளை எழுதினாள்.

நாளை: காலை பத்து மணிக்குள் படிவத்தை அனுப்ப வேண்டும். ஒன்பதே முக்கால்வரை அவர் அனுப்புகிறாரா என்று பார்க்க வேண்டும்.