ஞாயிற்றுக்கிழமைக் கத்தி

ஒனோரே தெல்மா பகல் உணவுக்குப் பின் கண்ணயர்ந்திருந்தபோது, அவருடைய கெண்டைக்கால்களின்மேல் ஒரு நாய் ஏறிப் படுத்தது. அவர் வீட்டில் நாய் கிடையாது.

போர்வையின் பாரம் என்றே முதலில் எண்ணினார். போர்வைக்குச் சூடு உண்டு, மூச்சு இல்லை. இது மூச்சு விட்டது. விலா எலும்புகள் மெல்ல ஏறி மெல்ல இறங்குவதைக் கால்சட்டைத் துணியின் வழியே அவருடைய சதை உணர்ந்தது. நனைந்த ரோமத்தின் வீச்சமும், ஈர இரும்பின் வீச்சமும் ஒன்றாய்க் குழைந்து மூக்கில் ஏறின. மல்லாந்தே உறங்கிப் பழகிய மனிதர், இப்போது குப்புறக் கிடந்தார். சட்டென்று புரண்டார். பாரம் போயிற்று. மலையிடுக்கில் கட்டிய, கத்தித் தொழிலுக்குப் பேர்போன தியேர் நகரத்தில் குளிர்காலச் சூரியன் நடுப்பகல் கழிந்ததும் விடைபெற்றுவிடும். அறையெங்கும் சாம்பல் நிறம். சன்னலுக்குக் கீழே துரோல் ஆறு இரைந்தது. கால் கிடந்த இடத்தில் விரிப்பைத் தடவினார். சூடாக இருந்தது. என் காலின் சூடுதான் என்று சொல்லிக்கொண்டார். கால்களைத் தொட்டுப் பார்த்தபோது அவை பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தன.

கீழே இறங்கிப்போய், தான் சேகரித்த சவரக்கத்திகளின் கண்ணாடிப் பேழையைத் திறந்தார். மனம் கலங்கும்போதெல்லாம் அவருக்கு அதுவே மருந்து. ஆமையோட்டுப் பிடி, முத்துச்சிப்பிப் பிடி, எருமைக்கொம்புப் பிடி. அலகில் கப்பல் செதுக்கியது, கழுகு செதுக்கியது. விரல் நீளமே உள்ள பயணக் கத்தி. ஒரு பாதிரியாருக்கென்று சிலுவை பதித்த கத்தி. உலகத்துச் சவரக்கத்திகளில் அரியவை எல்லாம் அங்கே படுத்திருந்தன. நடுவே ஊதா வெல்வெட்டில், அவருடைய தகப்பனாரின் பட்டறையில் பிறந்த வாரப் பெட்டி. கிழமைக்கு ஒன்றாக ஏழு கத்திகள், ஏழுக்கும் தந்தப் பிடி, அலகின் காம்பில் கிழமையின் பெயர். ஒரே ஒரு சீமானின் ஒரே ஒரு தாடைக்காக ஏழு கத்திகள். ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஆறு நாள் ஓய்வு. அவற்றைத் தீட்டியவனுக்கு ஒரு நாளும் இல்லை.

திங்கள் முதல் சனி வரை முழுமையாக இருந்தன. ஏழாம் பள்ளத்தில் அலகில்லாத தந்தப் பிடி மட்டும் அரை நூற்றாண்டாகக் காத்துக் கிடந்தது. ஞாயிறு என்று பொறித்த அந்த அலகு இப்போது ஒனோரேவின் சட்டைப்பையில் இருந்தது. அது அவருடையதன்று.

துரோல் கரையின் சாணைக்காரர்கள் உட்கார்ந்து தீட்டியதில்லை. சுழலும் கல்லுக்குமேல் பலகையில் குப்புறப் படுத்து, கல்லுக்கு ஒரு சாண் உயரத்தில் முகத்தை நீட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் கைகளில் இறக்கி அலகை அழுத்துவார்கள். தெறிக்கும் மஞ்சள் சேறு வயிற்றில் படியும். கல்தூள் நெஞ்சில் படியும். நகரமே அவர்களை மஞ்சள் வயிற்றுக்காரர்கள் என்று சொல்லிச் சிரிக்கும். அவர்கள் தீட்டிய கத்தியால் முகம் மழித்துக்கொண்டு சிரிக்கும். விறைத்துப்போகும் கால்களுக்குக் கணப்புக் கொடுக்க எந்த முதலாளியும் முன்வராததால், அவர்கள் நாய்களைப் பழக்கினார்கள். வேலை முடியும்வரை நாய் காலின்மேல் கிடக்கும். பர்னபே அவர்களில் ஒருவர். பெட்டி மறுநாள் பாரிசுக்குப் போயாகவேண்டும் என்று ஒனோரேவின் தகப்பனார் கட்டளையிட்டதால், ஞாயிறு என்ற பெயர் தாங்கிய அலகைப் பர்னபே ஞாயிற்றுக்கிழமையன்றே தீட்டினார். தேவாலய மணி அடித்துக்கொண்டிருக்கையில் கல் பிளந்து, பலகையிலேயே அவரைக் கொன்றது.

அந்த அலகு பர்னபேயின் மகள் நோயெலியிடம் இருந்தது. போன மாதம் அவளுடைய சமையலறையில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார் ஒனோரே.

“நகர மண்டபத்துல கண்காட்சி, மதாம். கண்ணாடிக்குள்ள வைக்கிறோம். பக்கத்துல உங்கப்பா பேரையும் போடுறேன்.”

நோயெலி முட்டைக்கோசு அரிவதை நிறுத்தவில்லை. “இப்பத்தான் உங்க வீட்டாளுங்களுக்கு எங்கப்பா பேரு ஞாபகம் வந்துச்சாக்கும். நல்லது முசியே. தப்பில்லாம எழுதுங்க.”

“அந்தக் காலம் அப்படி, மதாம்.”

“காலத்து மேல பழியப் போடாதீங்க. அது பாவம், வாய் இல்லாதது. கல்லு வெடிச்சதும் உங்கப்பா ஓடி வந்தாரு. மொதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? கத்தி ஒடைஞ்சுதான்னு கேட்டாரு. எங்கம்மா அதை சூப்புச் சட்டிக்குள்ள போட்டு மூடிட்டு, ஆத்துல போயிடுச்சுன்னா. அவ ஆயுசுல சொன்ன ஒரே பொய்.” கையைத் துடைத்துக்கொண்டு, துணியில் சுற்றிய அலகை எடுத்து மேசையில் வைத்தாள். “கொண்டு போங்க. ஆனா கல்லுல மட்டும் வைக்காதீங்க. அப்பா எங்க விட்டாரோ அங்கயே நிக்கட்டும்.”

வாக்குக் கொடுத்தார். கொடுப்பதற்கு எளியது அது ஒன்றுதான்.

கண்காட்சி முடிந்தது; அலகு திரும்பவில்லை. அதன் ஒரு பாதி பர்னபே தீட்டிய கண்ணாடிப் பளபளப்பு, மறு பாதி தீட்டாத உலைக்கறுப்பு. பழங்கத்தியைக் கல்லில் வைப்பவன் சேகரிப்பாளனே அல்லன் என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவர் ஒனோரே. ஆயினும் ஆறு வெண்மைகளுக்கு நடுவே அந்தக் கறுப்பு, சிரிக்கும் வாயில் சொத்தைப் பல்லாக அவரை உறுத்தியது. அன்று காலைதான், தட்டளவே உள்ள தன் மின்சாணையில் அதை முதன்முறை வைத்திருந்தார். அன்று பிற்பகல்தான் நாய் வந்தது.

மறுநாளும் தீட்டினார். மறுநாளும் அது வந்தது, இன்னும் கனமாக. விழித்தபோது சட்டையின் வயிற்றுப் பக்கம் மஞ்சளாக நனைந்திருந்தது. இருமினார், கைக்குட்டையில் மணல் நெறுநெறுத்தது. அஞ்சியவர் நிறுத்தியிருக்கவேண்டும். அவரோ மேலும் தீட்டினார். எவ்வளவு தீட்டியும் அந்தக் கறுப்பு ஒரு மயிரளவும் குறையவில்லை.

வாரக் கடைசியில் நோயெலி வந்து கதவைத் தட்டினாள். உள்ளே வரவில்லை.

“கண்காட்சி முடிஞ்சு எத்தனை நாளாச்சு முசியே? கண்ணாடியத் தொறக்க மறந்துட்டாங்களா?”

“சொல்லவே சங்கடமா இருக்கு, மதாம். எடுத்து வைக்கறப்ப யாரோ… காணாமப் போயிடுச்சு.”

அவள் அவரையே பார்த்தாள். “எங்கம்மாவும் இதையேதான் உங்கப்பாகிட்ட சொன்னா. ஆனா உங்களவிட நல்லாச் சொன்னா.” அவளுடைய பார்வை இறங்கி, அவர் கால்சட்டையில் நின்றது. முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு, செம்பட்டை ரோமங்கள் அப்பியிருந்தன. “நாய் வாங்கியிருக்கீங்களா?”

“இல்லையே.”

“அப்பாவோட மிர்சா இந்த நெறந்தான். நல்ல நாய். வேலை முடியாம எந்திரிக்க விடாது. செத்த மனுசன் கால்லேர்ந்து அத எறக்க நாலு ஆம்பளைங்க வேண்டியிருந்துச்சு.” குரலைத் தாழ்த்தினாள். “உங்ககிட்ட இருந்தா இப்பவே குடுத்துடுங்க. நான் யாருகிட்டயும் மூச்சு விடமாட்டேன்.”

அவருடைய விரல்கள் சட்டைப்பைக்குள் இருந்தன. அலகின் காம்பு உள்ளங்கையில் உறுத்தியது. நீட்டினால் போதும். ஏழாம் பள்ளம் கண்முன் தோன்றியது.

“இல்ல” என்றார்.

“சரி முசியே.” அவள் தலைத்துணியை இழுத்து முடிந்துகொண்டாள். “இந்தக் குளுருக்கு உங்களுக்காவது காலு குளுராது.”

அவள் செருப்பொலி படியிறங்கித் தேய்ந்தது. இனிப் படுப்பதில்லை என்று முடிவு செய்து நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தார். மலைக்குப் பின்னால் சூரியன் சரிந்தது. பேழையின் கண்ணாடி மங்கியது. சுவர்க் கடிகாரத்தின் ஒலியை ஆற்றின் இரைச்சல் சிறிது சிறிதாக விழுங்கியது. பிறகு அந்த இரைச்சலும் மாறியது. ஓடும் நீரின் ஓசையாக இல்லாமல், அடிபடும் நீரின் ஓசையாயிற்று. தப். தப். தப். மரச்சக்கரத்தின் இறக்கைகள் நீரில் விழும் சத்தம். அந்த வீட்டின் கீழே இருந்த சக்கரத்தை அவருடைய தகப்பனாரே பிரித்து விறகாக்கியிருந்தார்.

ஓடிவிடலாம். நோயெலி பாலத்தைக் கடந்திருக்கமாட்டாள். கூப்பிட்டுக் கொடுத்துவிடலாம். எழுந்தார், அலகை வெளியே எடுத்தார், வாசல்வரை போனார். கடைசி வெளிச்சத்தில் அந்தக் கறுப்பைப் பார்த்தார். குறைந்திருப்பதுபோல் இருந்தது. ஒரே ஒரு முறை வைத்தால் முடிந்துவிடும்போல் இருந்தது. முடித்தபின் கொடுத்தால் என்ன?

திரும்பினார்.

சாணைமுன் குனிந்தார். அலகை வைத்தார். பொறி பறந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தார். நெஞ்சுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது.

பலகை.

கால்கள் தரையில் இல்லை. தட்டளவு இருந்த கல், ஆளுயரம். நனைந்த கல். முகத்துக்கு ஒரு சாண் கீழே, மஞ்சள் நீரைக் கிழித்துக்கொண்டு, இருளில் சுழன்றது. கையை விலக்கப் பார்த்தார். கை அழுத்தியது. எழப் பார்த்தார்.

கால்களின்மேல் பாரம்.

இடக்காலில் ஒன்று. வலக்காலில் இன்னொன்று. பிறகு இடுப்பில். பிறகு முதுகில். ஆற்றங்கரைச் சாணைக்கூடங்கள் அத்தனையின் நாய்களும் ஒன்றன்பின் ஒன்றாக, ஈர ரோமத்தோடு, அவசரமில்லாமல், ஏறிப் படுத்தன. கத்த வாய் திறந்தார். தூள் நுழைந்தது.

மேலே எங்கோ தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது.

அலகில் கறுப்பு அப்படியே இருந்தது. கல்லில் மட்டும் ஒரு கீறல் தெரிந்தது, மயிரிழைபோல. ஒவ்வொரு சுற்றிலும் அது அவர் முகத்துக்கு நேரே வந்து போயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் சற்றே நீண்டிருந்தது.

கால்மேல் கிடந்த நாய் நீண்டதொரு பெருமூச்சு விட்டது. தாடையை அவர் குதிகாலின்மேல் வைத்து, வாகாகச் சரிசெய்துகொண்டு, உறங்கிப்போனது.